துணைக்கு மமேகோ

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடச் சொன்னார்கள்.

"ஃபிரேம் இரும்புங்க ஐயா. தகனக்கூடத்துல ஒத்துக்க மாட்டாங்க. மன்னிக்கணும்," என்று ஈமக்காரியக் கம்பெனியிலிருந்து வந்திருந்த கிஷிமோத்தோ இடுப்பு வரை குனிந்து சொன்னான். முந்தாநாளிலிருந்து அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறான். அவன் மேல் என்ன தப்பு?

ஷுசோ சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் மண்டியிட்டு, மகளின் இரண்டு காதோரமும் விரலை விட்டுக் கண்ணாடியை மெல்லத் தூக்கினார். இந்த வேலை அவருக்குப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி முன்னால் சாய்ந்து தூங்கிப்போகிறவளுக்கு எத்தனையோ தடவை கழற்றிவிட்டிருக்கிறார். "தூங்கலைப்பா, பாத்துட்டுதான் இருக்கேன்," என்று கண்ணைத் திறக்காமலே முனகுவாள். இன்றைக்கும் முனகுவாளோ என்று பாழாய்ப்போன மனசு ஒரு நொடி காத்திருந்தது. கொனோமிக்கு முப்பத்திரண்டு வயசு. மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் அப்படியே இருந்தது.

தோளோரம் ஒரு துணிப் பொம்மை. கறுப்புக் கோட்டு, நெற்றியில் விழுகிற முடி, உம்மென்ற முகம்.

"நல்ல காரியம் பண்ணுனண்ணா," என்றாள் பின்னால் நின்ற தங்கை ஃபுமி. "இவன்தானே அந்த டிவியில வர்ற துப்பறியிறவன்? இவன்னா அவளுக்கு உசுரு."

"ஆமா. ரெய்னு பேரு."

அன்றைக்கு நாள்காட்டியில் 'நண்பரை இழுக்கும் நாள்' என்று போட்டிருந்தது. அந்த நாளில் போகிறவர்கள் தனியாகப் போகமாட்டார்கள், பிடித்தமான யாரையாவது கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம். வேறு நாள் பார்க்கலாமென்றால் தகனக்கூடத்தில் இடமில்லை. அதனால் பெட்டிக்குள் ஒரு பொம்மை. யாரையும் இழுக்காதே தாயே, இதோ துணைக்கு ஆள் இருக்கிறது என்று. கம்பெனியே ஒரு பொம்மை கொடுக்கும். கிஷிமோத்தோ அதைக் கொண்டுவந்து காட்டினான். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, மாவு உருண்டை மாதிரி வெறும் வெள்ளை. இதோடயா என் பெண் போவாள் என்று ஷுசோவுக்கு மனசு வரவில்லை. நேற்று மத்தியானம் கறுப்பு டையைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்துக்கொண்டு ஹிமேஜி வரை போய், ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடையில் பள்ளிக்கூடப் பெண்களுக்கு நடுவே வரிசையில் நின்று இவனை வாங்கிவந்தார்.

வருஷா வருஷம் அவள் பிறந்தநாளுக்கு அவர் வாங்கித் தந்ததும் இவனைத்தான். இவன் படம் போட்ட துண்டு, இவன் படம் போட்ட கோப்பை, நாள்காட்டி, ஒரு வருஷம் குடை. ஓடைத் தெரு துப்பறிவகம் என்று அந்தத் தொடருக்குப் பேர். பத்து வருஷமாக ஞாயிறு ஐந்தரை மணிக்கு ஓடிக்கொண்டிருந்த கார்ட்டூன் தொடர். வாரம் ஒரு கொலை. அப்பனும் மகளும் அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பார்கள். அவர் பாதி பீரில், "இன்னுமா இந்தப் பயல் கண்டுபிடிக்கலை? நான்னா முதல் ஸ்டாப்லயே இறக்கிவிட்டிருப்பேன்," என்பார். அவர் நாற்பது வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவர். அறுபத்து நான்கு ஆகியும் ஆள் கிடைக்காமல் கம்பெனி இன்னும் ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டம்தான் அவரைத் தின்றது. திங்கட்கிழமை மூன்றே முக்காலுக்குக் கொனோமி வேலை செய்த மருந்துக் கடையில், வாடிக்கையாளர் ஒருவரிடம் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே சரிந்து விழுந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது. அந்த நேரத்தில் ஷுசோ மலையோர ஊர்களுக்குப் போகிற வண்டியில் இருந்தார். வண்டி ஓட்டும்போது போனை அணைத்துப் பையில் போடுவது சட்டம். ஒவ்வொரு நிறுத்தத்தின் பேரையும் ஒலிபெருக்கியில் சொல்லி, கிழவிகள் இறங்கும்வரை காத்திருந்து, ஆகட்டும் மெதுவா என்று சொல்லி, பதினேழு நிறுத்தம் கடந்து கடைசி ஊரில் போனைப் போட்டால் ஒன்பது அழைப்பு. திரும்பி வர ஐம்பது நிமிஷம். மாற்று ஓட்டுநர் இல்லை. வண்டியில் ஆட்கள் இருந்தார்கள். நிறுத்தி நிறுத்தித்தான் வந்தார். மருத்துவமனைக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இருபது நிமிஷம் முன்னாலதான்," என்றாள் ஒரு நர்ஸ். அதை ஏன் சொன்னாளோ, மகராசி.

அவள் உயிர் போகும்போது பக்கத்தில் இல்லை. அதுதான் போகட்டும், கடைசி வழியாவது கூடப் போகலாம் என்றால் அதற்கும் தடை. பிள்ளை முந்திப்போனால் பெற்றவர்கள் தகனக்கூடத்துக்குப் போகக் கூடாது. எந்தச் சாத்திரத்திலும் இல்லை. பிரார்த்தனைக்கு வந்த பிக்குவே, "அது ஊர் வழக்கம்தான், புத்தர் ஒண்ணும் சொல்லலை," என்று தேநீரை ஊதிக்கொண்டே சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் நிறையப் பேர் போகிறார்கள் என்று கிஷிமோத்தோவும் காதோடு சொன்னான். ஃபுமிதான் அசையவில்லை.

"நம்ம அம்மா போகலை, தெரியும்ல. சின்னண்ணன் போனப்ப வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க."

"தெரியும்."

"நீ போனா அவளுக்குத்தான் பாரம். அப்பன் பின்னாலயே வர்றானேன்னு அவளால நடக்க முடியாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்த எலும்பை நீ பாக்க வேணாண்ணா. நான் பொறுக்கிட்டு வர்றேன். என்னை நம்பு," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பார்.

பத்தரை மணிக்கு ஒசாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். குட்டையாக, ரயிலில் அழுது வீங்கிய முகத்தோடு, யாரிடமோ இரவல் வாங்கியது போல் தோள் தொங்குகிற கறுப்பு உடுப்பில். சாயோ என்றாள். கொனோமியின் சிநேகிதி, அந்தத் தொடர் பார்க்கிறவர்கள் கூடும் இடத்தில் பழக்கம், ஏழு வருஷம் என்றாள். ஏழு வருஷ சிநேகிதியின் பேர்கூட ஷுசோவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

குனிந்து வணங்கிவிட்டு, ஊதுவத்தி ஏற்றுவதற்கு முன்னாலேயே அவள் கேட்டாள். "அப்பா, சாப்பிட்டீங்களா?"

இரண்டு நாளில் ஊரே வந்து போயிருந்தது. எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, முன்னாடியே தலைவலி இருந்ததா, எந்த டாக்டர். இதை யாரும் கேட்கவில்லை. ஷுசோ "ம்," என்றார். பொய்.

சாயோ பெட்டியை எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் பார்வை தோளோரத்துக்குப் போனது. போனது அங்கேயே நின்றது. அழுதுகொண்டிருந்த முகத்தில் வேறு ஏதோ ஒன்று வந்தது.

"அப்பா... இவனை யாரு வெச்சது?"

"நான்தான். துணைக்கு. அவளுக்குப் பிடிச்சவன்னு..."

சாயோ உதட்டைக் கடித்தாள். சொல்வதா வேண்டாமா என்று அவள் தவிப்பது பின்னாலிருந்த ஃபுமிக்குக்கூடத் தெரிந்தது.

"என்ன பொண்ணு, சொல்லு," என்றார் ஷுசோ.

"கொனோமிக்கு இவனைக் கண்டாலே ஆகாதுப்பா."

"என்னது?"

"மூஞ்சியும் அவனும்னு திட்டுவா. எல்லாம் தெரிஞ்ச மாதிரி நிப்பான் பாருன்னு. செத்தவங்க பொண்டாட்டி அழுதுட்டு இருப்பாங்க, இவன் அவங்க செருப்புல மண்ணு இருக்கான்னு பாப்பான்னு." மூக்கை உறிஞ்சினாள். "அவளுக்குப் பிடிச்சது மமேகோ."

ஷுசோ அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷம். துண்டு, கோப்பை, குடை. ஒவ்வொன்றையும் பிரித்து, "ஐ, ரெய்! சூப்பர்ப்பா," என்று மார்போடு அணைத்துக் காட்டியவள். அந்தக் குடையைப் போன மழைக்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனவள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எங்ககிட்ட சொன்னா. எங்கப்பா மறுபடியும் அந்த உம்மணாமூஞ்சியத்தான் வாங்கிட்டு வந்திருக்காரு, நான் என்ன பண்ண, அவரு கடையில நின்னு வாங்குறதை நெனச்சா சிரிப்பு வருதுன்னு. எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புவா."

ஷுசோவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. மருத்துவமனையில் வரவில்லை, பெட்டியில் வைக்கும்போது வரவில்லை. இதற்கு வந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே, "மமேகோ யாரு? அந்த நூடுல்ஸ் கொண்டு வர்ற புள்ளையா?" என்று கேட்டார்.

அவளேதான். கொலை நடந்த வீட்டுக்குள் போலீஸ் கயிற்றைத் தாண்டி, தலைக்கு மேல் தட்டைத் தூக்கிக்கொண்டு, தப்பான நேரத்தில் தடாலென்று நுழைகிறவள். வாரம் இரண்டு நிமிஷம்கூட வரமாட்டாள். வந்தால், "அய்யய்யோ, இங்கயும் பொணமா!" என்று ஒரு கத்தல். அடுத்து, "சரி சரி, சாப்பிட்டீங்களா யாராவது?" அவ்வளவுதான் அவள் பாத்திரம். எதையும் கண்டுபிடித்தது இல்லை. ஒருமுறை தடயத்தின் மேலேயே சூப்பைக் கொட்டியவள். அவள் வரும்போதெல்லாம் கொனோமி சிரிப்பாள். ஷுசோவும்தான் சிரிப்பார். அதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று அவர் யோசித்ததில்லை.

"அந்த லூசுப் புள்ளைகிட்ட என்ன கண்டா?" என்றாள் ஃபுமி.

"அதையேதான் நானும் கேட்டேன்மா." சாயோ கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் கொன்னவன் யாருன்னு தேடுறாங்க. மமேகோ மட்டும்தான் செத்தவங்க வீட்டுல அடுப்பு எரியுதான்னு பாக்குறான்னு சொன்னா. அவ அம்மா போனப்ப அவளுக்குப் பதினஞ்சு வயசாம். வீடு நெறைய ஆளாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர்னே பேசிட்டு இருந்தாங்களாம். அப்பா மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலை, எனக்குத் தெரிஞ்சிருந்தும் சோறு ஆக்கத் தெரியலை, அன்னைக்கு ஒரு மமேகோ வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு சொன்னா."

கிஷிமோத்தோ கூடப் பூக்களை அடுக்குவதை நிறுத்தியிருந்தான். ஃபுமி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அந்த வீடு நிறைய ஆளில் அவளும் ஒருத்தி.

ஷுசோ எழுந்தார். "அப்ப இவன் வேணாம். மமேகோ பொம்மை எங்க கிடைக்கும்? பன்னெண்டுக்குத்தானே சடங்கு. இப்ப கிளம்புனா ஹிமேஜி போயிட்டு..."

"கிடைக்காதுப்பா. மமேகோவுக்குப் பொம்மையே போடலை. துணைப் பாத்திரம்தானே. பொம்மைக் கம்பெனிக்காரன் ரெய்யை இருபது விதமா போடுவான், அவளுக்கு ஒரு சாவிக்கொத்துகூட வந்ததில்லை. கொனோமி வருஷா வருஷம் கம்பெனிக்குக் கடுதாசி எழுதுவா, ஒண்ணே ஒண்ணு போடுங்கன்னு." சட்டென்று நிமிர்ந்தாள். "அவளே ஒண்ணு தைச்சிட்டு இருந்தா. மாடியில இருக்கும்."

மகளின் அறைக்குள் ஷுசோ நுழைந்து வருஷக்கணக்காகிறது. கதவைத் தட்டிவிட்டு நின்றார். பிறகுதான் தட்டியது உறைத்தது. உள்ளே ரெய் படம் போட்ட துண்டு நாற்காலி முதுகில் மடித்துக் கிடந்தது. கோப்பையில் பேனாக்கள். மேசையடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் நூல்கண்டு, துணித் துண்டுகள், அவற்றின் மேல் அவள்.

ஒரு சாண் உயரம். மஞ்சள் ஏப்ரன், தலையில் முடிச்சுத் துணி, தூக்கிய இரு கையிலும் ஒரு தட்டு. எல்லாம் கச்சிதம். வாய் மட்டும் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடம் முழுக்க ஊசி ஓட்டைகள்.

"தைச்சு தைச்சு பிரிச்சிருக்கா," என்றாள் சாயோ. "சிரிப்பு சரியா வரலைன்னு புலம்புவா. பெரிசா வெச்சா கத்துற மாதிரி இருக்கு, சின்னதா வெச்சா மமேகோவே இல்லைன்னு."

கீழிருந்து ஆட்கள் வரும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. வாயில்லாமல் எப்படி அனுப்புவது? வாயைத் தவிர அவளிடம் என்ன இருக்கிறது? ஷுசோ டப்பாவையும் பொம்மையையும் எடுத்துக்கொண்டு இறங்கி, பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ஊசியைப் பார்த்ததும் ஃபுமி ஓடிவந்தாள். "அண்ணா, என்ன இது! வீட்டை விட்டுக் கிளம்புற நேரத்துல யாராவது ஊசி எடுப்பாங்களா? ஆகாதுண்ணா!"

"கிளம்புறது அவதான். நான் எங்க கிளம்புறேன்? நீதானே சொன்ன."

ஃபுமி அடி வாங்கியவள் போல நின்றாள். அப்புறம் அவர் மேல் வெளிச்சம் படும்படி நகர்ந்துகொண்டாள்.

மனைவி போன பிறகு பள்ளிக்கூடப் பையில் பேர் தைத்தது முதல் சீருடைப் பொத்தான் வரை எல்லாம் அந்தக் கை செய்ததுதான். ஸ்டீரிங்கை நாற்பது வருஷம் பிடித்த கை. இன்றைக்கு ஊசிக் காதில் நூல் நுழைய மாட்டேன் என்றது. நாக்கில் நனைத்தார், முறுக்கினார், குத்தினார். கண்ணாடியில்லாத மகளும் கண் தெரியாத அப்பனுமாக, நல்ல ஜோடி. சாயோதான் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். போனில் மமேகோவின் படத்தை எடுத்து நீட்டினாள். அவர் பார்த்தார். சிவப்பாக, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு வாய்.

முதல் தையல் கோணியது. பிரிக்க நேரமில்லை. இரண்டாவது, மூன்றாவது. பிக்கு மணியைத் தட்டி மந்திரம் தொடங்கினார். ஷுசோ சடங்கு முழுக்கத் தலை குனிந்தே இருந்தார். துக்கம் தாங்காமல் குனிந்திருக்கிறார் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து ஊதுவத்திப் பொடியைத் தூவிவிட்டுப் போனார்கள். அவர் முழங்காலுக்கு மறைவில் இழுத்துக்கொண்டிருந்தார், ஒரு தையல், இன்னொரு தையல். விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டார்.

"ஐயா, நேரமாச்சு," என்று கிஷிமோத்தோ காதருகே குனிந்தான். "ஒண்ணரைக்கு அங்க இருக்கணும். மன்னிக்கணும்."

"இன்னும் பாதி இருக்குப்பா."

"மூடியாகணுங்க ஐயா."

இடது பக்கம் மட்டும் தைத்திருந்தது. வலது பக்கம் வெறும் ஓட்டைகள். சாயோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எல்லோரும் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஷுசோ ரெய்யை வெளியே எடுக்கக் கையை விட்டார்.

"எடுக்கக் கூடாதுண்ணா," என்றாள் ஃபுமி. இந்த முறை கெஞ்சினாள். "உள்ள வெச்சதை வெளிய எடுக்கக் கூடாது. வேணாம்."

"ஆகாதவனைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போவாளா?"

"இருக்கட்டும்ப்பா," என்றாள் சாயோ. "மமேகோ கூட இருந்தா அவனை வாயைத் திறக்க விட மாட்டா."

எங்கிருந்துதான் வந்ததோ, ஷுசோவிடமிருந்து ஒரு சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியாக, அசிங்கமாக. ஊர் முழுக்கப் பார்த்தது. அவர் மமேகோவைக் கொண்டுபோய் மகளின் கைக்கடியில், விரல்கள் பிடிக்கிற மாதிரி செருகினார். விரல்கள் பிடிக்கவில்லை. பூவை அணை கொடுத்து நிறுத்தினார்.

பெட்டியை மூடினார்கள்.

வாசலில் சவவண்டியும் அதன் பின்னால் சொந்தக்காரர்களுக்கான சிறு பேருந்தும் நின்றன. பேருந்தை ஓட்ட வந்தவன் ஒகுமுரா. ஷுசோ பக்கத்தில் உட்கார வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்த பையன், இப்போது அவனுக்கே நாற்பது. ஆறு பேர் பெட்டியைத் தூக்கிப்போய் ஏற்றினார்கள். ஆட்கள் பேருந்தில் ஏறினார்கள். ஷுசோ ஷூ போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் வாசலில் நிற்கவில்லை. நேராகப் போய்ப் பேருந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

சாயோ இரண்டு வரிசை முன்னால் இருந்தாள், திரும்பிப் பார்த்தாள். அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். ஃபுமி ஏறவில்லை. கீழேயே, கதவுக்கு நேராக நின்றுகொண்டு அழுதாள். ஏறாதே என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. அவர் இறங்கும்வரை அவள் ஏறமாட்டாள், அவ்வளவுதான். ஒகுமுரா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். கதவுப் பொத்தானில் கை வைத்திருந்தான், அழுத்தவில்லை. முன்னால் சவவண்டி என்ஜினைப் போட்டுவிட்டது.

ஒரு ஆள் பிடிவாதம் பிடித்தால் வண்டி கிளம்பாது என்பது ஷுசோவைவிட யாருக்குத் தெரியும்? ஒன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரமும் தவறிப்போனால் அவளை எங்கே வைத்துக்கொண்டு நிற்பார்கள்? எழுந்தார். இருக்கை முதுகுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். படியில் ஒகுமுரா, "சார்..." என்று தொடங்கினான்.

"வளைவுல மெதுவாப் போ," என்றார். இறங்கினார்.

சவவண்டி நீளமாக ஒருமுறை ஹாரன் அடித்தது. அவர் இடுப்பு வரை குனிந்தார். நிமிர்ந்தபோது தெரு காலியாக இருந்தது.

உள்ளே சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் திரும்பி வருகிறவர்களுக்குச் சைவச் சாப்பாட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஷுசோ வாசற்படியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றவில்லை. தகனக்கூடத்துக்குப் போகிற சாலை அவருடைய தடம்தான். ஒருநாளைக்கு நான்கு தடவை போய் வருகிற தடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இப்போது ஆற்றுப் பாலம். இப்போது நடுநிலைப்பள்ளி. இப்போது அரிசி ஆலை, அங்கே சிக்னலில் நாற்பது நொடி நிற்க வேண்டும். நாற்பது நொடி நின்றார். உதடு தன்னால் அசைந்தது. அடுத்த நிறுத்தம், கோயில் அடிவாரம். அடுத்த நிறுத்தம், வடக்குத் துளிர்மேடு. இறங்குகிறவர்கள் பொத்தானை அழுத்தவும். பதினோராவது நிமிஷத்தில் தகனக்கூட நிறுத்தம் வந்தது. அங்கே அவர் எப்போதும் வண்டியைத் திருப்புவதில்லை, நேராகப் போய்விடுவார். அதன் பிறகு உள்ளே எத்தனை கதவு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஒன்றும் தெரியாது. வாயை மூடிக்கொண்டார். என்னம்மா, நான் என்ன செய்வேன் என்று ஒருமுறை சத்தமாகவே கேட்டார். சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி தொடங்கியது.

நாலு மணி ஆகப்போகும்போது பேருந்து திரும்பி வந்தது. கேட்டருகே தீட்டுக் கழிய ஆளாளுக்கு உப்பை எடுத்துத் தோளில் தூவிக்கொண்டார்கள். சாயோதான் முதலில் வந்தாள். உடுப்பில் உப்பு ஒட்டியிருந்தது.

"பொம்மை?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மிஞ்சலைப்பா."

"ரெண்டுமா?"

"ரெண்டும். நான் நல்லாப் பாத்துட்டேன். கூடவே போயாச்சு."

"சரி," என்றார். "சரி, சரி."

பின்னால் ஃபுமி, வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்ட அஸ்திப் பெட்டியை இரு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தாள். அவள் முகம் இரண்டரை மணி நேரத்தில் பத்து வருஷம் மூத்துப்போயிருந்தது. அவரைப் பார்க்காமல் நீட்டினாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துணியைத் தாண்டி, கால்சட்டையைத் தாண்டிச் சூடு தொடைக்கு வந்தது.

உள்ளே வழிபாட்டு மாடத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டார்கள். பிக்கு மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்.

"கொண்டு வந்து மாடத்துல வெய்யிண்ணா," என்றாள் ஃபுமி. "எல்லாரும் நிக்கிறாங்க."

ஷுசோ பெட்டியின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து அணைத்துக்கொண்டார்.

"இன்னும் சூடா இருக்கு," என்றார். "ஆறட்டும்."